வான தூரக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வானம் காட்டினால், உடனே வரும் கேள்வி: "சார், அது எவ்வளவு தூரம்?" எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்வதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. எப்படி அளந்தார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

பளிச்சென்று தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பிப்ரவரி முன்னிரவில் தெற்கே, நெல்லியாம்பதி மலைப் பக்கம் மின்னும் அகத்திய நட்சத்திரம் சுமார் 310 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. மே மாதம் அதே திசையில் தெரியும் ஆல்பா செண்டாரி அதைவிட மங்கல். ஆனால் வெறும் 4.4 ஒளியாண்டுதான். ஒளியாண்டு என்பது காலம் அல்ல, தூரம்: ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

ரேடாரால் எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்பதும் தப்பு. 1961இல் வெள்ளிக் கோளில் ரேடார் அலை பட்டுத் திரும்பியதை வைத்துத்தான் சூரியனின் தூரமே துல்லியமானது. நட்சத்திரங்களுக்கு அது எட்டாது. அங்கே இடமாறு தோற்றம்தான் (பார்க்கும் இடம் மாறினால் பொருள் நகர்ந்தது போலத் தெரிவது) கைகொடுக்கும்.

இதை வயலிலேயே செய்து பார்க்கலாம். வரப்பில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். ஒவ்வொன்றிடமும் நின்று எதிரே உள்ள பனைமரத்தைப் பாருங்கள். பின்னால் இருக்கும் மலையோடு ஒப்பிட்டால் மரம் நகர்ந்தது போலிருக்கும். நகர்வு 6 டிகிரி என்றால், இரண்டையும் பாதியாக்கி 5 மீட்டரை tan 3 டிகிரியால் வகுங்கள்: மரம் சுமார் 95 மீட்டரில் இருக்கிறது. 10 மீட்டரைப் பாதியாக்கிவிட்டு, கோணத்தைப் பாதியாக்க மறந்தால் 48 மீட்டர்தான் வரும். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். விண்மீன் கணக்கிலும் இதே கதை: பூமி ஆறு மாதத்தில் சுற்றுப்பாதையின் மறுபக்கம் போய்விடுகிறது, மொத்த நகர்வில் பாதியைத்தான் இடமாறு கோணம் என்பார்கள். அப்புறம், பின்னணிக்கு மலைக்குப் பதில் பக்கத்துத் தோப்பை எடுத்தால் அதுவும் சேர்ந்தே நகர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

1838இல் பெசல் என்ற வானியலாளர் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு அளந்த கோணம் சுமார் 0.31 வினாடி. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வினாடி. அதிலும் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அண்டங்களுக்கு, அதாவது நம் பால்வெளி போன்ற விண்மீன் கூட்டங்களுக்கு (கேலக்ஸி), வேறு வழி. செபீட் வகை விண்மீன்கள் ஒரே சீராக மங்கிப் பிரகாசிக்கும். அந்தச் சுற்று நீள நீள அசல் ஒளி கூடும் என்று வானியலாளர் ஹென்ரியட்டா லெவிட் 1912இல் காட்டினார். 1923இல் பக்கத்து அண்டமான ஆண்ட்ரோமீடாவில் அப்படி ஒன்றைக் கண்ட வானியலாளர் ஹபிள், அதன் தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு என்றார். செபீட்களில் இரண்டு வகை உண்டு என்று வானியலாளர் வால்டர் பாடே 1952இல் அறிவித்ததும் அந்த அளவு இரட்டிப்பானது. இன்றைய கணக்கு சுமார் 25 லட்சம். ஆக, பழைய புத்தகத்து எண்ணை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

விலகிப் போகும் அண்டத்தின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி; அதிலிருந்து வேகமும், வேகத்திலிருந்து தூரமும் கணக்கிடுவார்கள். இதைப் பக்கத்து அண்டங்களுக்குப் போட்டாலும் வம்புதான். ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி வருகிறது. சூத்திரத்தில் (தூரம் = விலகும் வேகம் ÷ ஹபிள் மாறிலி) போட்டால் தூரம் மைனஸில் வரும்! வெகுதொலைவு அண்டங்களுக்கு அது சரிவரும். அங்கேயும் ஹபிள் மாறிலியை (பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று சொல்லும் எண்) ஒரு அளவீட்டு முறை சுமார் 67 என்கிறது, இன்னொரு அளவீட்டு முறை சுமார் 73 என்கிறது. 67க்குப் பதில் 73ஐப் போட்டால் தூரம் சுமார் 8 சதவீதம் குறையும். எதைப் போட்டீர்கள் என்று விடைக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.