ஜியாவ்ஸி செய்வதில் தண்ணீர்க் கணக்கு

வட சீனத்தில் சந்திர ஆண்டின் கடைசி இரவில், ஒருவர் மாவைத் திரட்டித் தர இன்னொருவர் பூரணம் வைத்து மூட, வீட்டார் அனைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து செய்யும் பண்டம் ஜியாவ்ஸி. அக்காலத்து வெள்ளிக் கட்டியின் வடிவை ஒத்திருப்பதால் அதைச் செல்வத்தின் அடையாளமாகக் கருதுகிறார்கள். ஷின்ஜியாங்கின் துர்ஃபான் அருகேயுள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் அரசமரபுக் காலத்து ஜியாவ்ஸிகள் உலர்ந்த நிலையில் கிடைத்திருப்பதால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதன் உருவம் பெரிதாக மாறவில்லை என்பது தெரிகிறது. செய்முறையில் எளிதாகத் தோன்றும் இப்பண்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். எங்கே சேர்ப்பது, எங்கே பிழிந்து எடுப்பது என்பதை அறிந்துவிட்டால் மற்றவை கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

முதலில் மாவு. 300 கிராம் மைதாவுக்கு ஏறத்தாழ 150 மில்லி தண்ணீர் போதும். கொழுக்கட்டைக்குப் போல் கொதிநீர் ஊற்றக்கூடாது. வேகவைக்கும் ஜியாவ்ஸிக்குக் குளிர்ந்த நீரில் பிசைந்தால்தான் தோல் கொதிநீரில் கிழியாமல் இழுபட்டு நிற்கும். பிசையத் தொடங்கும்போது மாவு வறண்டு உதிர்வதைப் பார்த்து மேலும் நீர் விடத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொண்டு பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டால், அதே மாவு காதுமடல் போல் மென்மையாகிவிடும்.

மாவு ஊறும் நேரத்தில் பூரணத்தைக் கவனிக்கலாம். 300 கிராம் சீன முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி, இருபது நிமிடம் கழித்து மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். முதல் தடவை நான் இதைச் சோம்பலால் தவிர்த்தேன். மூடி வைத்த அரை மணி நேரத்துக்குள் தட்டில் நீர் கசிந்து, எடுக்க எடுக்க அடித்தோல் தட்டிலேயே ஒட்டிக்கொண்டது. பிழிந்த கோஸில் ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெய் விட்டுப் பிசறினால் மிச்ச ஈரமும் எளிதில் வெளியேறாது. இங்கே தேவைப்படுவது வறுத்த எள்ளில் எடுத்த கரிய எண்ணெய். நம் நல்லெண்ணெயில் அந்த மணம் வராது.

காயிலிருந்து எடுத்த நீரைக் கறிக்குள் வேறு வகையில் திருப்பிச் சேர்க்கிறோம் என்பதுதான் இச்சமையலின் நுட்பம். கொழுப்புள்ள 250 கிராம் பன்றிக் கொத்துக்கறியுடன் ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், துருவிய இஞ்சி, வெள்ளை மிளகுத்தூள், சிறிது உப்புச் சேர்த்து, 60 மில்லி தண்ணீரையோ ஆறிய எலும்புச் சாற்றையோ ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஒரே திசையில் கிளற வேண்டும். விட்ட நீர் முழுவதும் உறிஞ்சப்பட்ட பிறகே அடுத்த கரண்டியை விட வேண்டும். கறி பசைபோல் இழுபடத் தொடங்கினால் பதம் வந்துவிட்டது. கடிக்கும்போது சாறு ததும்புவது இதனால்தான். பிறகு கோஸையும் நறுக்கிய வெங்காயத்தாளையும் கலக்கலாம். பச்சைப் பன்றிக்கறியை வாயில் வைத்துப் பார்க்காமல், சிறு உருண்டையை வாணலியில் வேகவைத்து உப்புப் பார்ப்பதே பாதுகாப்பானது. பன்றிக்கறி உண்ணாதவர்கள் ஆட்டுக்கறியுடன் வெங்காயத்தாளோ கேரட்டோ சேர்க்கலாம். சீனத்து ஹுய் முஸ்லிம்களின் வீடுகளில் அதுவும் பழகிய சேர்க்கைதான்.

மாவைக் கயிறாக உருட்டி 12 கிராம் துண்டுகளாக வெட்டினால் 37 வரை தேறும். குழவியை நடுவரை மட்டும் உருட்டித் திரும்ப இழுத்து, மறு கையால் வட்டைத் திருப்பிக்கொண்டே தேய்த்தால், 8 சென்டிமீட்டர் அகலத்தில் நடு தடித்தும் ஓரம் மெலிந்தும் வரும். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே மிகுந்த பூரணத்தை வைத்து, முதலில் நடுவை அழுத்தி, பிறகு இரு பக்கமும் மடித்து ஒட்டவும். புதிதாகத் தேய்த்த வட்டுக்கு ஓரத்தில் நீர் தடவத் தேவையில்லை. கடையில் வாங்கிய உலர்ந்த தோலுக்குத்தான் அது தேவை.

அகன்ற பாத்திரத்தில் நீர் தளதளவெனக் கொதிக்கும்போது இருபது வரை போட்டு, அடியில் ஒட்டாதபடி கரண்டியின் முதுகால் உடனே ஒருமுறை தள்ளிவிட வேண்டும். மீண்டும் கொதி வந்ததும் ஒரு கோப்பைக் குளிர்ந்த நீர் ஊற்றுக. இப்படி மூன்று முறை. தோல் கொதியின் வேகத்தில் வெடிக்காமல் உள்ளிருக்கும் கறி வேக அது நேரம் கொடுக்கிறது. வறுத்து உண்ண விரும்பினால், எண்ணெய் தடவிய தட்டையான வாணலியில் அடிப்புறம் பொன்னிறமாகும்வரை வைத்து, மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நீர் விட்டு மூடி, எட்டு நிமிடத்தில் திறந்து ஈரம் வற்றவிட்டால் அது குவோதியே ஆகிவிடும். மிஞ்சியவற்றைத் தட்டில் இடைவெளிவிட்டு உறையவைத்துப் பிறகு பையில் சேர்க்கலாம். சமைக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும்.

தொட்டுக்கொள்ள, ஒட்டரிசியில் செய்யும் ஜென்ஜியாங் கருங்காடியோ (கருப்பு வினிகர்) சோளத்தில் செய்யும் ஷான்ஸிக் காடியோ, நசுக்கிய பூண்டுடன் வைக்கலாம். ஜியாவ்ஸி வெந்த கலங்கல் நீரைக் கொட்டிவிட வேண்டாம். வட சீன வீடுகளில் உணவு செரிக்க அதையே கிண்ணத்தில் சூடாக ஊற்றி, கடைசியில் குடிப்பார்கள்.