ஃபர் ஒட்டும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் இராமாயண நாடகம் போடுவதாக முடிவானால், இராமனுக்கும் சீதைக்கும் உடுப்பு தைக்க நாலு பேர் முன்வருவார்கள். கரடி வேஷமான ஜாம்பவானுக்குத்தான் ஆள் தேட வேண்டும். கரடித் தலை, குரங்கு வால், நகம் வைத்த கைகள் என்றதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். மெத்தை ஃபோமும் செயற்கை ஃபர் துணியும் இருந்தால் இவை எல்லாமே வீட்டில் செய்யக்கூடியவைதான். ஜொகன்னஸ்பர்க்கில் நடக்கும் காமிக் கான் ஆப்பிரிக்கா என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவுக்கு வேஷம் கட்டிப் போகும் நம் இளவட்டங்களுக்கும் இதே வேலைதான், இதே தவறுகள்தான்.

சரியாக வராத ஒரு தலையைப் பிரித்துப் பார்த்தால், குறை பெரும்பாலும் தையலில் இருக்காது. ஃபோம் வெட்டும்போதோ துணியில் கோடு போடும்போதோ நடந்திருக்கும். எப்படியும் ஃபர் மூடிவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். ஃபர் மூடாது. கோணலான கன்னத்தின்மேல் ஒட்டிய ஃபர் அந்தக் கோணலை இன்னும் பெரிதாக்கித்தான் காட்டும்.

முதல் தவறு தலையளவில். வெறுந்தலையைச் சுற்றி டேப்பை இறுக்கிப் பிடித்து அளந்து, அதே அளவில் ஃபோமை வளைத்துவிடுகிறார்கள். உள்ளே வியர்வை உறிஞ்ச ஒரு துணிக் குல்லா போட வேண்டியிருக்கும். மேலே ஃபரை இழுத்து ஒட்டும்போது ஃபோம் கொஞ்சம் அமுங்கும். ஆகவே குல்லாவைப் போட்டபின் அளந்து, அதற்கும் மேலே விரல் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். 2.5 சென்டிமீட்டர் தடிமன் ஃபோம் தலைக்குப் போதும். பழைய சோஃபாவிலிருந்து உருவிய, மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரும் ஃபோம் வேண்டவே வேண்டாம். சில மாதங்களில் நடிப்பவரின் முடியெல்லாம் ஃபோம் தூளாக இருக்கும்.

இடது பக்கத்தை முழுதாகச் செதுக்கி முடித்துவிட்டு வலது பக்கம் போவதும் வேண்டாத வேலை. எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக வராது. கன்னம், புருவம், காது எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் (வெட்டும் மாதிரியில்) ஜோடியாக வெட்டி, ஜோடியாகவே ஒட்டுங்கள். அவ்வப்போது கைப்பேசியில் நேர்முகமாக ஒரு படம் எடுத்து, அதை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கண்ணுக்குப் பழகிப்போன கோணல் படத்தில் தெரிந்துவிடும்.

ஃபோம் ஒட்டும் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்துதான் சேர்க்க வேண்டும். டர்பனின் ஈரக்காற்றில் இதற்கு நேரம் கூடுதலாகவே பிடிக்கும். அவசரப்பட்டால் மேடையில் காது கழன்று தொங்கும். அந்தப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது, மூச்சுக்கும் கேடு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்போ சாமி விளக்கோ எரியும் அறையில் பசையைத் திறக்காதீர்கள்.

இனி மூச்சு. இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்லப்படும் நம் தெருக்கூத்தில் வேஷம் முகத்திலேயே எழுதப்படுகிறது. எவ்வளவு வியர்த்தாலும் முகத்தில் காற்று படும். ஃபோம் தலைக்குள் அது இல்லை. பிப்ரவரி மாதத்து டர்பனில் வெப்பமானி 28 டிகிரிதான் காட்டும். ஆனால் காற்றில் உள்ள ஈரத்தால் வியர்வை உலராது, உடல் குளிராது. இந்த நிலையில் வாயை அழகுக்காக மூடியபடி செய்த தலையை ஒரு பிள்ளையின் தலையில் மாட்டுவது ஆபத்து. ஜாம்பவானின் வாய் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். உட்புறம் கருப்பு வலைத்துணி ஒட்டினால் பார்ப்பவர்களுக்கு ஓட்டை தெரியாது, காற்றும் தடையில்லாமல் போகும். நடிப்பவரின் மூக்குக்கும் கரடி மூக்கின் உட்சுவருக்கும் நடுவே கையளவு வெற்றிடம் விடுங்கள். காதுக்குள்ளும் தாடைக்கு அடியிலும் மறைவாகச் சில ஓட்டைகள் வைக்கலாம். இதையெல்லாம் ஃபோம் நிலையிலேயே செய்தாக வேண்டும். ஃபர் ஒட்டியபின் ஓட்டை போட்டால் அசிங்கமாகிவிடும்.

கண்ணுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வலைதான் வழக்கம். வெளிப்பக்கம் கருவிழியை வரையும்போது பெயின்டை அப்பி ஓட்டைகளை அடைத்துவிடுகிறார்கள். ஸ்பாஞ்சால் லேசாக ஒற்றினால் போதும். அதைவிடப் பெரிய குறை, உட்பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவது. மேடை விளக்கு பட்டதும் உள்ளே ஒரே கூச்சமாக இருக்கும், எதிரே நிற்பவர் தெரியமாட்டார். உட்பக்கம் கருப்படித்தால் பார்வை தெளிவாகும். அப்படியும் நடிப்பவருக்குத் தன் காலடி தெரியாது. ஒத்திகையில் ஒருமுறையாவது தலையை மாட்டியபடி மண்டபப் படிகளில் ஏறி இறங்கவிட்டுப் பாருங்கள்.

ஃபருக்கு வருவோம். துணிக்கடையில் ஃபரை வெறுமனே தடவிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். துணியை நடுவில் மடித்து, மடிப்பின் உச்சியைப் பாருங்கள். அடித்துணி பளிச்சென்று வெளியே தெரிந்தால் ரோமம் அடர்த்தியில்லை. கரடி மூக்கின் வளைவில் அதே வழுக்கை தெரியும்.

ரோமம் படியும் திசையில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். உண்மையான விலங்கில் முடி மூக்கிலிருந்து பின்னோக்கியும், கழுத்திலிருந்து கீழ்நோக்கியும், வாலின் அடியிலிருந்து நுனி நோக்கியும் படிகிறது. ஃபர் துணி ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். விலையும் குறைவில்லை. மிச்சம் பிடிக்கலாமே என்று வார்ப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வெட்டினால், ஒரு கன்னம் கீழ்நோக்கியும் மறு கன்னம் பக்கவாட்டிலும் படியும். ஒரே துணிதான், ஆனாலும் வெளிச்சத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். பூனையைத் தலைகீழாகத் தடவியது போல ஒரு பக்கம் சிலிர்த்து நிற்கும். இதைத் தையலில் சரிசெய்ய முடியாது. துணி கூடச் செலவானாலும், முடியின் திசையைக் காட்ட வார்ப்புகளில் போடும் எல்லா அம்புக்குறிகளும் துணியில் ரோமம் படியும் திசையைப் பார்த்தே இருக்கட்டும்.

அம்புக்குறி எங்கிருந்து வரும்? ஃபோம் தலையைச் சமையலறை கிளிங் ராப்பால் சுற்றி, அதன்மேல் டக்ட் டேப்பை ஒட்டுங்கள். டேப்பின்மேல் மார்க்கரால் தையல் கோடுகளையும், ஒவ்வொரு பகுதியிலும் முடி படிய வேண்டிய திசையையும் போடுங்கள். கோடுகளுக்குக் குறுக்கே சிறு வெட்டுக்குறிகள் போட்டு வைத்தால், தைக்கும்போது எது எதோடு சேரும் என்று தேட வேண்டியதில்லை. பிறகு கோட்டின் வழியே வெட்டிக் கழற்றினால் வார்ப்பு கையில் வந்துவிடும். ஒரு பக்க வார்ப்பே போதும். ஆனால் மறு பக்கத்துக்கு அதைக் கவிழ்த்துப் போட்டு வரைய வேண்டும். இதை மறந்துதான் பலர் இரண்டு இடது கன்னங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரைவது துணியின் பின்பக்கத்தில். வெட்டுவதும் பின்பக்கத்திலிருந்தே, புது ப்ளேடால், அடித்துணி மட்டும் அறுபடும்படி. துணியை மேசைமேல் அழுத்தி வைத்து அறுத்தால் முடியும் சேர்ந்து அறும். இடது கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ப்ளேடின் நுனியை ஓட்ட வேண்டும். கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினால் ஓரத்து முடியெல்லாம் மொட்டையாகி, தைத்தபின் ரோடு போட்டது மாதிரி கோடு தெரியும். தைக்கும்போது ஓரத்து முடியை உள்ளே தள்ளிவிட்டு, நைலான் அல்லது பாலியஸ்டர் நூலால் தையுங்கள். முடிந்ததும் நாய்க்குச் சீவும் கம்பி பிரஷால் தையலைச் சீவி முடியை வெளியே எடுங்கள். நல்ல ஃபராக இருந்தால் தையல் எங்கே என்று நீங்களே தேட வேண்டியிருக்கும்.

முகத்து முடியைக் குறைக்க ட்ரிம்மரை எடுத்ததும் சின்ன சீப்பு மாட்டி ஒரே வீச்சில் இழுப்பது அடுத்த தவறு. வெட்டிய முடி திரும்ப வளராது. பெரிய சீப்பில் தொடங்கி, கண்ணையும் மூக்கையும் நோக்கிப் படிப்படியாகக் குறையுங்கள். ப்ளேடு சூடேறினால் நிறுத்துங்கள், அக்ரிலிக் முடி உருகிக் கட்டிக்கொள்ளும். மாஸ்க் கட்டாயம், பறக்கும் இழைகள் நேராக மூச்சுக்குள் போகும்.

வாலை ஊக்கால் உடுப்பில் குத்தாதீர்கள். ஆடும்போது உடுப்பு கிழியும். வாலின் அடியில் பெல்ட் நுழையும் வளையம் தைத்து இடுப்பில் மாட்டுங்கள். கரடிக் காலைப் பழைய கேன்வாஸ் ஷூவின் மேலேயே கட்டி, அடியில் ரப்பர் ஒட்டுங்கள். ஃபர் அடிப்பாதம் டைல்ஸ் தரையில் வழுக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபோமும் அக்ரிலிக் ஃபரும் பற்றினால் மளமளவென எரியும், உருகித் தோலில் ஒட்டும். நம் நாடகங்கள் நடப்பது கோயில் மண்டபங்களில்; குத்துவிளக்கு இருக்கும், கற்பூரத் தட்டு வரும், தீபாவளி என்றால் வெளியே மத்தாப்பும் இருக்கும். வேஷத்தோடு ஆரத்தி எடுக்கவிடுவதும், விளக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதும் கூடவே கூடாது. தலையும் கையும் போட்டவருக்குத் தன்மேல் பொறி விழுந்தது தெரியாது. அதனால் ஒரு பெரியவரை அவர் கூடவே நிறுத்துங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றித் தண்ணீர் கொடுக்க வேண்டியதும் அவர் பொறுப்பு.

நாடகம் முடிந்த களைப்பில் தலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கார் டிக்கியில் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் வெயிலில் கார் சூடேறும்போது க்ளூ கன்னால் ஒட்டியதெல்லாம் இளகும், உள்ளே சிக்கிய வியர்வையில் பூஞ்சை பிடிக்கும். அன்றிரவே உட்புறத்தில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து தெளித்து, கழுத்துப் பக்கம் விசிறியைப் பார்க்கும்படி வைத்து நன்றாக உலரவிடுங்கள். வாலையும் கைகளையும் குளிர்ந்த நீரில் கையால் அலசி நிழலில் தொங்கவிடலாம்; ட்ரையரில் போட்டால் முடி சுருண்டு பாழாகும். எல்லாம் காய்ந்தபின் ஒருமுறை சீவி, காற்றுப் புகும் பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள்.