பழைய பாடப்பக்கத்தைப் புதிய கல்வியாண்டுக்குத் தயார் செய்வது

போன ஆண்டின் பாடப்பக்கத்தை நகலெடுத்துப் போடுவதில் தவறில்லை. சிக்கல் தேதிகளில்தான். கேன்வாஸ் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் நகலெடுக்கும்போதே தேதிகளை நகர்த்தலாம்; அதுபோன்ற இன்னொன்றான மூடிலில் பாடத்தை ரீசெட் செய்யும்போது நகர்த்தலாம். 365 நாள் தள்ளினால் திங்கள்கிழமை கெடு செவ்வாய்க்குப் போய்விடும். 364 நாள், அதாவது சரியாக 52 வாரம் தள்ளுங்கள், கிழமை மாறாது. விடுமுறை நாளில் கெடு விழுகிறதா என்பதை மென்பொருள் பார்க்காது, நாட்காட்டியை வைத்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது இணைப்புகள். நூலகத் தரவுத்தளத்தில் கட்டுரையைத் திறந்து முகவரிப் பட்டையில் இருப்பதை ஒட்டினால், உங்கள் கணினியில் திறக்கும். மாணவருக்கு 'அமர்வு முடிந்தது' என்று வரும். டிஓஐ (கட்டுரைக்கான மாறாத அடையாள எண்) அல்லது நிரந்தர இணைப்பையே கொடுங்கள். பிறகு மாணவர் பார்வைக்கு மாறி ஒவ்வொன்றையும் சொடுக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் முதல் வாரத்தில் வரும் மின்னஞ்சல்கள் இதனால் குறையும்.

அடுத்து வகுப்பு நேரம். வாரம் 3 மணி நேரம், 15 வாரம் என்றால் 45 மணி நேரம். தேர்வுக்கும் விடுமுறைக்கும் 5 போனால் 40. 37 மணி நேரத்துக்கு மட்டும் பாடம் திட்டமிடுங்கள்; மிச்சம் 3 எப்படியும் செலவாகிவிடும்.

மதிப்பெண் பங்கீடு கூட்டினால் 100 வருகிறதா பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதை ஒவ்வொரு ஒப்படைப்பின் கீழும் தனித்தனியே எழுதுங்கள். பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் மொத்தமாகப் போட்டால் யாரும் படிப்பதில்லை.