செங்கல் அறுக்கப் போறீங்களா? முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க

2017 ஜனவரியில் தமிழ்நாட்டு மாவட்டம் அத்தனையையும் வறட்சி மாவட்டம்னு அரசு அறிவிச்சப்ப நாங்க ஊர்லயே இல்ல. முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய் வெடிச்சுக் கிடக்க, நானும் வீட்டுக்காரரும் செங்கல்பட்டுப் பக்கம் கல் அறுத்துக்கிட்டிருந்தோம். (செங்கல் சூளையைத்தான் நாம காளவாசல்னு சொல்றோம், அங்க சேம்பர்.) பஞ்சம் பிழைக்கப் போறவங்களுக்குன்னு தனிச்சட்டம் இல்ல. இருக்கிற சட்டங்களைத்தான் ஒட்டுப்போட்டுப் போத்திக்கணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி நோட்டு ஒண்ணு வாங்குங்க. அட்வான்ஸ் எவ்வளவு, யார் கையால வாங்கினோம், ஆயிரம் கல்லுக்கு என்ன கூலின்னு முதல் பக்கத்துல எழுதுங்க. அப்புறம் தினமும் அறுத்த கல். மழையில கரைஞ்ச கல்லையும் விடாதீங்க, சண்டையே அதுலதான் வரும். ஒருநாள் கணக்கு மேஸ்திரி நோட்டுல 700, என் நோட்டுல 1,100. கோழி கிறுக்கின மாதிரி எழுத்துதான், ஆனா ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல அதைத்தான் புரட்டிப் பார்த்தாங்க.

"அட்வான்ஸ் கழியாம நகரக்கூடாது"ன்னு சொல்லி நிறுத்தி வச்சா அது கொத்தடிமை. 1976ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லன்னு நிரூபிக்க வேண்டியதும் கடன் கொடுத்தவர்தான். சேம்பர் இருக்கிற பகுதியோட ஆர்.டி.ஓ.கிட்ட மனுக் கொடுங்க. மேஸ்திரி பக்கத்துல நின்னா யாருக்கும் வாய் வராது. தனியா விசாரிங்கன்னு கேளுங்க. கொத்தடிமையில இருந்து விடுவிச்சாச்சுன்னு அவர் தர்ற விடுதலைச் சான்று கைக்கு வராம பஸ் ஏறாதீங்க. உடனடி உதவி 30,000 ரூபாய் வரைக்கும் அதை வச்சுத்தான். எங்ககூட இருந்த ஒரு குடும்பம் அன்னைக்கு சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிருச்சு. சான்றுக்காக அப்புறம் நாலு தடவை அலைஞ்சுச்சு.

வக்கீலுக்குக் காசு வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆவது பிரிவுல இலவச உதவிக்கு உரியவங்க பட்டியல்ல வறட்சியால பாதிக்கப்பட்டவங்கன்னு பேர் சொல்லியே இருக்கு. கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், போன்னா 15100.

ரேஷன் கார்டையும் எடுத்துட்டுப் போங்க, கைரேகை வச்சா அங்கயும் அரிசி கிடைக்கும்.

பிள்ளைங்களைச் சேம்பர்ல விட்டுராதீங்க. டி.சி. இல்லன்னு அரசுப் பள்ளியில திருப்பி அனுப்ப முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் இருக்கு. என் மகளை ஒண்ணாம் வகுப்புல உட்காரச் சொன்னாங்க. அவளுக்கு வயசு ஒன்பது. வயசுக்கேத்த வகுப்புன்னுதானே சட்டம் சொல்லுதுன்னு கேட்டேன். தலைமை ஆசிரியர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துட்டு, நாலாம் வகுப்பு அட்டென்டன்ஸை எடுத்துட்டு வரச் சொன்னார்.