புது சர்வருக்கு மாறும்போது ஓர் எழுத்தும் சிதையாமல் இருக்க

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்களில் பல, ஊர் மாட்டு மந்தையை மீட்கப் போய் உயிர்விட்டவர்களின் நடுகற்கள். அவற்றைத் தேடிப் போய்ப் படமெடுத்து, எழுத்தை வாசித்து, ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் இணையக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். ஆசிரியர்கள், மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், ஓசூரில் ஷிப்ட் பார்ப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என எல்லோரும் சொந்தக் காசிலும் சொந்த நேரத்திலும் நடத்துகிறோம். தளம் குடியிருக்கும் கணினியான சர்வரை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம்.

முதல் முறை மாற்றி முடித்த காலையில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் போன் செய்தார். "தம்பி, நான் படிச்சு எழுதினது பூரா கேள்விக்குறியா நிக்குது. என்னன்னு கொஞ்சம் பாரு." திறந்து பார்த்தேன். படம் சரியாக இருந்தது. அதன் கீழே 'தொறு மீட்டுப் பட்டான்', அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தான், என்று இருந்த வரி முழுவதும் கேள்விக்குறி. தொறு என்ற ஈரெழுத்துச் சொல்லுக்கு நான்கு கேள்விக்குறிகள்: த, ஒகரக் குறி, ற, உகரக் குறி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பேக்கப் எடுத்துத்தான் வைத்திருந்தோம். ஆனால் அந்த பேக்கப்பே கேள்விக்குறிகளோடு எடுக்கப்பட்டிருந்தது. பழைய சர்வரையோ அன்றிரவே அழித்துவிட்டோம்.

ஐயாவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பெரும்பாலானவற்றை மறுபடி தட்டச்சினோம். ஒரு கல்லின் வாசிப்பு மட்டும் நோட்டில் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கல்லும் இருந்த இடத்தில் இல்லாமல் போயிருந்தது. அந்த வரி திரும்பக் கிடைக்கவே இல்லை.

இரண்டாம் முறை எதுவும் இழக்காமல் மாறினோம். அப்போது செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். பாட்டுக் குழுவோ, ரத்ததானக் குழுவோ, ஊர் நூலகக் குழுவோ, உங்கள் தளம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். கட்டளைகளின் பெயரை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சும்போது உங்கள் மென்பொருளின் கையேட்டில் உள்ளபடி தட்டச்சுங்கள்.

1. முதலில் சாவிகளைக் கணக்கெடுங்கள்

சர்வரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது, அதன் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது, ஹோஸ்டிங் பணம் யாருடைய அட்டையிலிருந்து கழிகிறது, பதிவுகள் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு பேர் பெயர் இருக்க வேண்டும். ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் மாற்றும் வேலையைத் தள்ளிப்போட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எங்கள் டொமைனைப் பதிந்தவர் வேலைக்காக பெங்களூரு போய், போன் நம்பரையும் மாற்றிவிட்டிருந்தார். ஓடிபி யாருக்கும் வரவில்லை. நல்ல மனிதர், தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். அதற்காக நாங்கள் காத்திருந்த நாட்கள் கொஞ்சமல்ல.

டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது தனி வேலை. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

2. புது சர்வர்

இப்போது தளம் பிடித்திருக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு வட்டு எடுங்கள். மாற்றும்போது பேக்கப்பும் அதே வட்டில் கொஞ்ச நாள் கிடக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு என்றால் ஐந்தாண்டுப் பராமரிப்பு உள்ள எல்டிஎஸ் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். தளத்தை இயக்கும் பிஎச்பி, டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல் போன்றவை பழைய சர்வரில் எந்தப் பதிப்போ, முடிந்தவரை அதே பதிப்பைப் புதிதிலும் போடுங்கள். மாறுவது ஒரு வேலை, புதுப் பதிப்புக்கு உயர்த்துவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே இரவில் செய்தால், ஏதாவது உடையும்போது எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நேர மண்டலத்தையும் இப்போதே இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். பல சர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும். ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம், காலை நான்கு மணிக்குப் பதிந்ததை முந்தைய நாள் கணக்கில் சேர்த்துவிடும்.

3. எழுத்து

தமிழில் எழுதும் குழுக்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

யூனிகோடு தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ('தொ'வில் இரண்டு குறி), எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் இடம் பிடிக்கும். மைஎஸ்க்யூஎல்லில் பழைய 'யூடிஎஃப்8' என்ற அமைப்பு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் போனிலிருந்து எழுதுபவர்கள் போடும் எமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். எங்களைப் போலக் கல்வெட்டு படிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 2010இல் யூனிகோடில் சேர்ந்த பிராமி எழுத்துகளும் 2014இல் சேர்ந்த பழைய கிரந்த லிபியின் எழுத்துகளும் (ஜ, ஷ போன்றவை அல்ல) நான்கு பைட் பிடிப்பவை. ஆகவே டேட்டாபேஸ், அதன் அட்டவணைகள், தளம் அதோடு பேசும் இணைப்பு மூன்றும் 'யூடிஎஃப்8எம்பி4' என்ற அமைப்பில் இருக்க வேண்டும். டேட்டாபேஸை மட்டும் மாற்றிவிட்டு இணைப்பை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கருவி கொண்டு பேக்கப் எடுக்கும்போதும் எழுத்து அமைப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். இயல்பு அமைப்பு என்னவாக இருக்கும் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். எங்களைக் கவிழ்த்தது அதுதான். அட்டவணைகள் இன்னோடிபி என்ற வகை என்றால் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' தெரிவையும் சேருங்கள். எடுக்கத் தொடங்கிய நொடியில் இருந்த நிலை அப்படியே கிடைக்கும்.

எடுத்த கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். மூன்று விதமாக இருக்கலாம்.

தமிழ் தமிழாகவே தெரிந்தால் நல்லது, மேலே போகலாம்.

தலையில் சாய்கோடு போட்ட ரோமன் எழுத்தும், அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வந்தால், பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் தப்பு. லாட்டின்1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து அமைப்பு என்று நினைத்து வைத்த யூடிஎஃப்-8 அது. லாட்டின்1 என்று சொல்லி ஏற்றுமதி செய்து, யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி உள்ளே ஏற்றினால் மீண்டுவிடும். பதறிப்போய்க் கையால் திருத்தத் தொடங்காதீர்கள். பாதி திருத்தியதும் பாதி திருத்தாததும் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

கேள்விக்குறிகள் வந்தால் அந்தக் கோப்பில் எழுத்து இல்லை. எந்த மென்பொருளாலும் அதிலிருந்து மீட்க முடியாது. மூலம் இன்னும் பழைய சர்வரில் இருக்கும்போதே சரியான அமைப்போடு மறுபடி எடுத்துவிடுங்கள்.

பழைய டிஸ்கி, பாமினி எழுத்துருவில் தட்டச்சிய கோப்புகள் சில குழுக்களிடம் இன்னும் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவிப்பதற்கு முன் பலரும் அவற்றில்தான் எழுதினார்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும், ஆனால் இடமாற்றம் முடிந்த பிறகு.

4. படங்களும் கோப்புகளும்

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு நேரடியாக ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நகலெடுங்கள். வீட்டுக் கணினிக்கு இறக்கி மறுபடி ஏற்ற வேண்டாம். வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்று வையுங்கள்; 40 ஜிபி படங்களை ஏற்றப் பதினெட்டு மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. ஆர்சிங்கை இரண்டு முறை ஓட்டுங்கள். சில நாள் முன்னதாகத் தளம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு முறை. மாற்றும் இரவில் இன்னொரு முறை. இரண்டாவது தடவை புதிதாக வந்ததை மட்டும் எடுக்கும் என்பதால் சீக்கிரம் முடியும்.

கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் ஒரு பொறி உண்டு. தொப்பூர், போச்சம்பள்ளி போன்ற பெயர்களைப் பாருங்கள். 'தொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னே ஒற்றைக் கொம்பு பின்னே கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய மேக் கணினிகளின் வட்டு பெயரை இரண்டாகப் பிரித்தே வைக்கும். அதன் வழியாகக் கோப்புகள் போய் வந்தால், டேட்டாபேஸ் ஒரு தொப்பூரைத் தேடும், ஃபோல்டரில் வேறொரு தொப்பூர் இருக்கும், படம் திறக்காது. ஒகர, ஓகாரம் வரும் ஊர்களின் படங்கள் மட்டும் காணவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கான்வ்எம்வி என்ற கருவி பெயர்களை ஒரே சீராக்கித் தரும்.

நகல் முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை எண்ணுங்கள். பிறகு ஷா-256 கைரேகையை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்ணை, ஒப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து, உள்ளே பாதியில் நின்ற கோப்புகள் இருப்பதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. பேக்கப் கோப்பில் உறுப்பினர்களின் போன் நம்பர் இருக்கும். எங்கள் படங்களிலோ கல் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் இருக்கும். கல் திருடுபவர்களுக்கு அது வழிகாட்டி. பேக்கப்பை ஒருபோதும் தளத்தின் பொது ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள்.

5. ஒத்திகை

டொமைனைத் தொடாமலேயே புது சர்வரைச் சோதிக்கலாம். உங்கள் கணினியில் ஹோஸ்ட்ஸ் என்றொரு கோப்பு இருக்கும். அதில் புது சர்வரின் ஐபி எண்ணையும் தளத்தின் பெயரையும் ஒரு வரியாக எழுதினால், உங்கள் கணினிக்கு மட்டும் புது சர்வர் திறக்கும். மற்ற எல்லோருக்கும் பழையதே.

இந்த ஒத்திகைக்குத் தொழில்நுட்பம் தெரிந்தவரை உட்கார வைக்காதீர்கள். எழுதியவரையே உட்கார வையுங்கள். நாங்கள் ஐயாவை அழைத்து வந்து கணினி முன் உட்கார வைத்தோம். அவர் தான் எழுதிய இருபது வாசிப்புகளைத் திறந்து, நோட்டோடு வரி வரியாக ஒப்பிட்டார். பதினேழாவதில் நிறுத்தி, "இங்க ஒரு கிரந்த எழுத்து இருந்துச்சே, கட்டமா தெரியுதே" என்றார். எழுத்து டேட்டாபேஸில் பத்திரமாக இருந்தது, அந்தக் கணினியில்தான் எழுத்துரு இல்லை. ஆனால் அதைக் கவனித்தது அவர் கண்தான், என் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

மின்னஞ்சலையும் இப்போதே சோதியுங்கள். பாஸ்வேர்டு மறந்தவருக்குப் போகும் மெயில் ஸ்பேமில் விழுந்தால் அவர் திரும்பி வரவே மாட்டார். தளத்தின் பெயர் எந்த ஐபிக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில், மெயில் உங்கள் பெயரில்தான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைப் புது சர்வருக்கு ஏற்பச் சேருங்கள். பல கிளவுட் நிறுவனங்கள் மெயில் போகும் வழியான 25ஆம் போர்ட்டை அடைத்தே தரும்; அப்போது 587 வழியாக மெயில் சேவை ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். இரவில் தானாக ஓடும் கிரான் வேலைகள் கோப்புகளோடு சேர்ந்து வராது, அவற்றைத் தனியாக எழுதி வையுங்கள்.

6. மாற்றும் இரவு

டிஎன்எஸ் பதிவில் டிடிஎல் என்ற எண் இருக்கும். 86400 என்றால் பழைய முகவரியை ஒரு நாள் முழுக்க மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும். இரண்டு நாள் முன்னதாகவே அதை 300 ஆக்குங்கள், ஐந்து நிமிடமாகக் குறையும்.

எந்த இரவு என்பதை உங்கள் ஆட்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எங்களவர்கள் ஞாயிறு கல் தேடிப் போவார்கள், திங்கள், செவ்வாய் வரை படம் ஏற்றுவார்கள். அதனால் புதன் இரவு. வாட்ஸ்அப்பில் மூன்று நாள் முன்னதாக அனுப்பியது இது:

"அன்புள்ள நண்பர்களே, புதன் இரவு 10 மணி முதல் வியாழன் காலை 6 மணி வரை தளத்தைப் படிக்கலாம், எதையும் ஏற்ற முடியாது. எடுத்த படங்களைப் போனிலேயே வைத்திருங்கள். உங்கள் பாஸ்வேர்டு மாறாது. யாராவது கூப்பிட்டு ஓடிபி கேட்டால் தராதீர்கள், நாங்கள் கேட்கவே மாட்டோம்."

இரவு பத்து மணிக்குப் பழைய தளத்தைப் படிக்க மட்டும் என்ற நிலையில் வையுங்கள். முழுதாக மூட வேண்டியதில்லை. கடைசி டேட்டாபேஸ் பேக்கப், திறந்து பார்த்தல், புதியதில் ஏற்றுதல், இரண்டாவது ஆர்சிங்க், எண்ணிக்கை ஒப்பீடு, மறுபடி பத்து பதிவுகளைக் கண்ணால் வாசித்தல். எல்லாம் சரியென்றால் மட்டும் டிஎன்எஸ்ஸில் ஐபியை மாற்றுங்கள். பிறகு தளத்துக்குப் பாதுகாப்பான இணைப்பு தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கி, அது தானாகப் புதுப்பிக்கிறதா என்று சோதனை ஓட்டம் விட்டுப் பாருங்கள்.

திரும்பிப் போகும் நேரத்தை முன்பே குறித்துவிடுங்கள். எங்களுக்கு அது விடியற்காலை நான்கு மணி. அதற்குள் முடியவில்லை என்றால் பழையதைத் திறந்துவிட்டுத் தூங்கப் போவது, அடுத்த புதன் மறுபடி முயல்வது. தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவுதான் தளங்களை அழிக்கிறது. உறுப்பினர்கள் புதியதில் எழுதத் தொடங்கிய பிறகு பழையதற்குத் திரும்பினால், இடையில் எழுதியது போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. அதன் பிறகு

பழைய சர்வரை எழுத முடியாத நிலையில் ஒரு மாதம் வைத்திருங்கள். அந்த ஒரு மாத வாடகை எங்களுக்கும் பாரம்தான், ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். முதல் வாரம் ஒருவர் தினமும் காலையில் இரவு பேக்கப் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிடிஎல்லைப் பழைய அளவுக்கு உயர்த்துங்கள்.

மாதம் முடிந்ததும் பழையதிலிருந்து கடைசி நகல் ஒன்றை எடுத்து, இரண்டு வேறு ஊர்களில் இரண்டு பேரிடம் கொடுங்கள். எங்கள் நகல்களில் ஒன்று தருமபுரியில் இருக்கிறது, மற்றொன்று கிருஷ்ணகிரியில். அந்த இருவரும் தங்கள் கணினியில் நகலைத் திறந்து, ஏதாவது ஒரு கல்லின் வாசிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் பழைய சர்வரை அழித்தோம்.