ஊரில் ஏதாவது செய்துவிட்டு வர நினைப்பவர்களுக்கு

ஆடி, ஆவணி வந்தால் கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் எல்லாம் யாழ்ப்பாணத்தில் ஒரே தெருவில் நிற்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள், அதற்கு முன்னும் பின்னும் கலியாணவீடுகள், சாமத்தியவீடுகள். பெட்டிக்குள் சொக்லேட்டோடு பலரும் ஓர் எண்ணத்தையும் கொண்டுவருகிறார்கள்: இந்தமுறை ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்று கிழமை லீவில் புதிதாக ஒன்றைத் தொடங்கி நடத்திக்காட்ட முடியாது. ஊரில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு எது தேவையோ அதைக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போகவேண்டிய இடம் உங்கள் ஊர்ச் சனசமூக நிலையம். பகலில் போனால் முன்பள்ளிப் பிள்ளைகளைத் தவிர ஒருவரையும் காணமாட்டீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போங்கள். முன்விறாந்தையில் பத்திரிகை மேசை, ஒரு கரம் போர்ட், உள்ளே புத்தக அலுமாரி. பின்னறையைத் திறந்தால் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கடுக்காக இருக்கும், பக்கத்தில் பெரிய சமையல் கிடாரங்களும் பந்தல் சாமான்களும். கதிரைகளின் பின்புறத்தைப் பாருங்கள்: இன்னாரின் ஞாபகார்த்தமாக என்று பெயின்ற்றால் எழுதியிருக்கும். ஊரில் ஒரு செத்தவீடு என்றால் இந்தக் கதிரைகள் இரவோடிரவாக அங்கே போய்விடும். ஏற்றுவதும், எட்டுச் செலவுச் சடங்கு முடிந்தபின் எண்ணிக் கொண்டுவந்து அடுக்குவதும் ஊர்ப் பொடியன்கள்தான். ஒருவரும் சம்பளம் வாங்குவதில்லை. உங்கள் அம்மம்மாவின் செத்தவீட்டுக்கும் இந்தக் கதிரைகள்தான் வந்திருக்கும்.

அங்கே தலைவரையும் பொருளாளரையும் சந்தித்துப் பேசுங்கள். நிலையம் பிரதேச சபையில் பதிவில் இருக்கிறதா, கடைசியாகப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது, வங்கிக் கணக்கு நிலையத்தின் பெயரில் இருக்கிறதா, காசு எடுக்க இரண்டு பேராவது கையெழுத்துப் போடவேண்டுமா என்று கேளுங்கள். ஊரவரிடம் கணக்குக் கேட்பது மரியாதையில்லை என்று கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் நீங்கள் கேட்கும் முன்பே கணக்குக் கொப்பியைத் தூக்கி மேசையில் வைப்பார்கள். முகம் சுளிக்கிறவரிடம் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். காசைக் கணக்கில் போடுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். சொந்தச் சித்தப்பாவே பொருளாளராக இருந்தாலும் கையில் கொடுக்காதீர்கள். பிறகு கதை வந்தால் அவர்தான் பதில் சொல்லவேண்டி வரும்.

எதற்குக் கொடுப்பது? இதில்தான் வருகிறவர்களுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும் அடிக்கடி ஒத்துப்போவதில்லை. வருகிறவருக்குக் கட்டடம் பிடிக்கும், மண்டபம் பிடிக்கும், வாசலில் பெயர்க்கல் பதிக்கப் பிடிக்கும். நிலையத்துக்கோ மாதாமாதம் மின்கட்டணம் கட்ட வேண்டும், பத்திரிகைக் கடைக்குக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே முன்பள்ளி ஆசிரியையின் கொடுப்பனவு இருக்கிறது. காலையில் இருபது முப்பது குழந்தைகளோடு மல்லுக்கட்டுகிற அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பல ஊர்களில் பெற்றோர் கொடுக்கும் சிறு தொகையிலும் யாராவது நன்கொடையாளர் அனுப்புவதிலும்தான் அது பெரும்பாலும் ஓடுகிறது. ஒரு வருடத்துக்கு அந்தக் கொடுப்பனவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கல்லில் பெயர் வராது, ஆனால் முன்பள்ளி மூடப்படாது.

பாடசாலைக்குக் கொடுப்பதானால் அதிபரைச் சந்திக்க நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கோ பழைய மாணவர் சங்கத்தின் கணக்குக்கோ போகவேண்டும். பொருளாகக் கொடுத்தால் பதிவேட்டில் ஏற்றுவார்கள். கட்டடம் கட்டுவதென்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்கமுடியாது. அதற்கு மாதங்கள் ஆகும், ஆகவே லீவுக்குள் அடிக்கல்லும் திறப்புவிழாவும் என்று திட்டம் போடாதீர்கள். பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, பயணக் காசு எல்லாம் பெரும்பாலும் பெற்றோர் தலையில். எந்தப் பிள்ளைக்கு எது இல்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். சப்பாத்து வாங்கிக் கொடுப்பதானால் அளவுகளைக் கேட்டு யாழ்ப்பாணத்துக் கடையிலேயே வாங்குங்கள்; ஸ்கார்பரோவில் மலிவுவிற்பனையில் எடுத்த பல நிறச் சப்பாத்து பள்ளிக்கூடத்துக்கு உதவாது, பெரும்பாலும் வெள்ளைதான் வேண்டும்.

ஸ்மார்ட் போர்ட், கணினி என்று கொடுக்க விரும்புகிறவர்கள் அதைத் திருத்துகிறவர் யார், மின்கட்டணம் கட்டுகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். துணிபோட்டு மூடிய நன்கொடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மலசலகூடத்தைக் கழுவ ஓர் ஆளுக்குக் கூலி கொடுப்பது மூடிவைத்த பத்துக் கணினிகளைவிட மேல். சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் பெண்பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள்.

காசில்லாமல் கொடுக்கக்கூடியது இரத்தம். இலங்கையில் இரத்தம் முழுக்க முழுக்கத் தொண்டாகக் கொடுப்பவர்களிடமிருந்தே பெறப்படுகிறது, விலைக்கு வாங்குவதில்லை. யாழ் போதனா வைத்தியசாலை இரத்த வங்கிக்கு நேரே போகலாம். பாடசாலைகள், கோயில்கள், விளையாட்டுக் கழகங்கள் முகாம் வைக்கும் நாளாகப் பார்த்தும் போகலாம். இறந்த நண்பனின் நினைவுநாளில் முகாம் வைக்கும் கழகங்களும் உண்டு. 18 வயதுக்கு மேல் 60 வயதுக்குள், குறைந்தது 50 கிலோ நிறை, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் கடந்திருக்க வேண்டும். கடவுச்சீட்டையும் கொண்டுபோங்கள். எந்த நாட்டில் இருந்து, எந்த நாடு வழியாக வந்தீர்கள், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்று வைத்தியர் திருப்பி அனுப்பினால் கோபிக்காதீர்கள்.

மருந்து கொண்டுவந்து வைத்தியசாலைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் பலர். பெட்டியில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். நன்கொடை மருந்துக்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அது இல்லாததை வைத்தியசாலை ஏற்காது. வைத்தியசாலையின் நலன்புரிச் சங்கத்திடம் என்ன தேவை என்று கேட்டு அதைச் செய்யுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 இல் நிதி திரட்டத் தன்னார்வலர்கள் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்தார்கள்; வழியெங்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்த காசோடு எழுந்தது அது. கட்டடம் வந்துவிட்டது. வன்னியிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவருக்குப் பஸ் காசும், கூட நிற்கிறவருக்குச் சாப்பாடும் இன்னும் வேண்டும். அதைக் கொடுக்கிறவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள்தான், அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

சாப்பாடு கொடுக்க நினைப்பவர்களுக்கு வழி இலகு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்றே சொல்வார்கள். அங்கே மடங்களில் உங்கள் அப்பாவின் திவசத்துக்கு அன்னதானத்தைப் பொறுப்பெடுக்கலாம். முதியோர் இல்லங்களிலும், தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் தேவஸ்தானத்தின் மகளிர் இல்லம், சிவபூமி அறக்கட்டளை நடத்தும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பாடசாலை போன்ற இடங்களிலும் ஒரு நாள் சாப்பாட்டை முன்கூட்டியே கேட்டு ஏற்கலாம். ஆவணியில் எல்லா நாளும் நிறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் நாள் ஒன்றைக் கேட்டு எடுத்து, லண்டனில் இருந்தபடியே கட்டுங்கள், அப்போதுதான் தட்டுப்பாடு. கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் செய்துகொடுக்கும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையத்தையும் மறக்காதீர்கள். போர் முடிந்து வருடங்கள் போனாலும் கால் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், இப்போது நீரிழிவில் கால் இழப்பவரும் வருகிறார்கள்.

சிறுவர் இல்லத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் போகாதீர்கள். அனுமதி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பிள்ளையின் பிறந்தநாளை அங்கே கேக் வெட்டிக் கொண்டாடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அந்தப் பிள்ளைகள் வரிசையில் நின்று, தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடி, கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது. உலர் உணவுப் பொதியைப் பிடித்தபடி நிற்கும் தாயின் முகத்தை முகநூலில் போடுவதும் அப்படித்தான். அவருடைய மகள் அடுத்த நாள் வகுப்புக்குப் போகவேண்டும். கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் பொதிகளைப் படமெடுங்கள், கையொப்பப் பட்டியலைப் படமெடுங்கள்.

அப்புறம், பலரும் நினைக்காத ஒன்று. பழைய வீட்டைத் துப்புரவாக்கும்போது அலுமாரிக்குள் தாத்தாவின் அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம், பாடசாலை மலர்கள், சங்கத்துக் கூட்ட அறிக்கைகள் அகப்படும். எரித்துவிடாதீர்கள். noolaham.org என்ற இணைய நூலகத்தை நடத்தும் நூலக நிறுவனத்திடம் கொடுத்தால் மின்வருடி இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். 2005 இல் தன்னார்வமாகச் சில இளைஞர்கள் தொடங்கிய வேலை அது. யாழ் பொது நூலகமே 1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊரவருக்கு இரவல் கொடுத்ததில் இருந்து வளர்ந்ததுதான். 1981 இல் அங்கே ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த பிறகு, ஊர்க் கடதாசி ஒன்றைக்கூடக் கழிவு என்று சொல்ல மனம் வருவதில்லை.

சொந்த ஊரைத் தாண்டியும் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகளுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் கிளைகள் உண்டு. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் ஒற்றைக் கட்டடத்தில் நடக்கும் பாடசாலைகளுக்கு வெளிநாட்டில் ஆளில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலும் அப்படித்தான். வன்னிக்குப் போய்வர ஒரு நாள் போதும். மட்டக்களப்புக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

கூட்டிக்கொண்டு திரிகிற ஊர்த் தொண்டரையும் கவனியுங்கள். அவர் ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருப்பார். உங்களுக்காக ஒரு நாள் வேலையை விட்டு, தன் மோட்டார் சைக்கிளுக்குத் தானே பெற்றோல் அடித்து மினக்கெடுகிறார். அவர் வாய் திறந்து கேட்கமாட்டார், நீங்களே பெற்றோல் அடித்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டு கிழமை ஆங்கிலம் படிப்பிக்கிறேன் என்று வருகிற மகனையோ மகளையோ நிலையத்துப் பொறுப்பாளரிடம் முதலில் கதைக்கவிடுங்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் இடமில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வகுப்பைத் திரும்பிப் போனபின் கிழமைக்கு ஒருமுறை சூமில் நடத்தினால் பிள்ளைகளுக்கு அது கூடுதலாக உதவும்.

விமானம் ஏறுமுன் ஒரு வேலை பாக்கி. எந்தத் தொகையை, எந்தக் கணக்குக்கு, மாதத்தின் எந்தத் திகதியில் அனுப்பப்போகிறீர்கள் என்பதைப் பொருளாளரோடு இருந்து எழுதுங்கள். பெருந்தொகையாகச் சொல்லி இரண்டாம் மாதத்தில் நிறுத்தாமல், வருடம் முழுக்கக் கட்டக்கூடியதாகச் சொல்லுங்கள். நிறுத்துவதானால் மூன்று மாதம் முன்பே அறிவியுங்கள், முன்பள்ளி ஆசிரியைக்கு அவர்கள் வேறு வழி பார்க்கவேண்டும். மாதக் கணக்கை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பினால் திறந்து வாசியுங்கள்.