பிட்சர் ட்ரேட் பற்றி வாதாடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க பேஸ்பால் அணியான டெட்ராய்ட் டைகர்ஸின் ரசிகர் யாரிடமாவது, பிட்சர் (பந்து வீசுபவர்) ஜான் ஸ்மோல்ட்ஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். 1987 ஆகஸ்ட் 12 அன்று டைகர்ஸ் 20 வயது ஸ்மோல்ட்ஸை அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்துவிட்டு 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. அதற்குப் பிறகு ஸ்மோல்ட்ஸ் எடுத்தது 213 வெற்றிகள், 154 சேவ்கள் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தவை), 1996இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2015இல் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். அலெக்சாண்டரோ 1989இல் 18 ஆட்டங்களில் தோற்று அத்தோடு ஓய்ந்தார். பேஸ்பால் வரலாற்றின் மோசமான ட்ரேடுகள் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) என்று யார் பட்டியல் போட்டாலும் இது அதில் இருக்கும்.

அந்த ட்ரேட் சரியானது என்பது என் கட்சி.

அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். டைகர்ஸும் டொராண்டோ ப்ளூ ஜேஸும் அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அப்போது முதலிடம் வராத அணிக்கும் வாய்ப்புத் தரும் வைல்டு கார்டு கிடையாது. பிரிவில் முதலிடம் பிடித்தால் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று, இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஸ்மோல்ட்ஸ் அப்போது மைனர் லீக்கின் டபுள்-ஏ நிலையில், அதாவது மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே, உதை வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் ஏறும் ரன் (குறையக் குறைய நல்லது), 5.68. அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1985இல் 22ஆவது சுற்றில் எடுத்த பையன். இவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போவார் என்று அன்றைக்கு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

அலெக்சாண்டர் வந்தார், 11 ஆட்டங்களைத் தொடங்கினார், 9 வெற்றி, ஒரு தோல்வி இல்லை, ஈ.ஆர்.ஏ. 1.53. கடைசி வார இறுதியில் ஒரு ஆட்டம் முன்னிலையோடு டொராண்டோ டெட்ராய்ட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அலெக்சாண்டர் வீச, டைகர்ஸ் 4-3 என்று வென்றது. அடுத்த இரண்டு நாளும் டைகர்ஸுக்கே. இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் பிரிவுப் பட்டம். அலெக்சாண்டரின் அந்த ஒன்பதில் மூன்று நழுவியிருந்தால் பிளேஆஃபுக்குப் போயிருப்பது டொராண்டோ. அப்புறம் பிளேஆஃபில் மினசோட்டா ட்வின்ஸிடம் 4-1 என்ற ஆட்டக் கணக்கில் மண்ணைக் கவ்வியது டைகர்ஸ். அலெக்சாண்டர் வீசிய இரண்டும் தோல்வி. ரசிகர் மனதில் நின்றது அந்த இரண்டும்தான்.

ட்ரேட் வாதங்களில் நாம் செய்யும் முதல் தவறு இங்கேதான். முடிவு எடுத்த நாளில் கையில் என்ன தகவல் இருந்தது என்று பார்ப்பதில்லை. இருபது வருடம் கழித்து வந்த விளைவை வைத்து அன்றைய ஆளைத் திட்டுகிறோம். (ஒரு கிளைக்கதை: 1987 டைகர்ஸின் முதன்மை பிட்சர் ஜாக் மோரிஸ். 1991 வேர்ல்டு சீரிஸ் எனும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மினசோட்டாவுக்காக வீசிய மோரிஸுக்கு எதிரே நின்றது இதே ஸ்மோல்ட்ஸ். மோரிஸ் பத்து இன்னிங்ஸும் ரன் கொடுக்காமல் வீசி 1-0 என்று வென்றார். டெட்ராய்ட்காரர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே பாவமாக இருக்கிறது.)

களத்தில் எடுக்கும் முடிவுகளிலும் இதே கோளாறுதான். 2003 அக்டோபர் 16, நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என்று முன்னிலை. பாஸ்டனின் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் களைத்துவிட்டார். மேனேஜர் கிரேடி லிட்டில், பிட்சர் நின்று வீசும் மவுண்டுக்குப் போய்ப் பேசிவிட்டு அவரையே விட்டுவிட்டுத் திரும்பினார். 123 பந்துகள் வீசிய பெட்ரோவை வெளியே எடுத்தபோது ஸ்கோர் 5-5. பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

2020 அக்டோபர் 27, வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே ரேஸின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் 9 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்து, டாட்ஜர்ஸை உருட்டிக்கொண்டிருந்தார். ரேஸ் 1-0 என்று முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டுக்குப் பிறகு ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போகும் அடி) அடித்ததும் மேனேஜர் கெவின் கேஷ் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அடுத்து வரவிருந்த மூவரும், பெட்ஸ், சீகர், டர்னர், அன்று ஸ்னெல்லிடம் ஆறு முறை நின்று ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆனவர்கள். உள்ளே வந்த நிக் ஆண்டர்சனிடம் பெட்ஸ் இரண்டாவது பேஸ் வரை போகும் டபுள் அடித்தார், ஒரு பந்து கேட்சரைத் தாண்டி ஓடியது, சில நிமிடங்களில் 2-1. டாட்ஜர்ஸ் கோப்பையைத் தூக்கியது.

ஒருவர் பிட்சரை விட்டுவைத்ததற்காகத் திட்டு வாங்கினார், இன்னொருவர் எடுத்ததற்காக. இரண்டு பேரையும் ஒரே ரசிகர் திட்டியிருக்கலாம்! ஒரே அடிப்படையில் திட்டினால் அதில் தப்பில்லை. ஆனால் பெரும்பாலும் அந்த அடிப்படை ஸ்கோர்போர்டாகத்தான் இருக்கிறது.

கேஷின் முடிவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு முடிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்னெல்லை எடுப்பது ஒன்று. ஒரே பிட்சரை மூன்றாவது முறை பார்க்கும்போது பேட்டர்கள் அவரை நன்றாக அடிப்பார்கள் என்பது பல வருடக் கணக்கு. ஸ்னெல்லும் அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்களைத் தொடங்கி மொத்தம் 50 இன்னிங்ஸ்தான் வீசியிருந்தார். இதை நியாயப்படுத்தலாம். யாரை உள்ளே அனுப்புவது என்பது இன்னொன்று. ஆண்டர்சன் அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் வரிசையாக ரன் கொடுத்திருந்தார். என்னைக் கேட்டால் தப்பு அங்கேதான் நடந்தது. வாதத்தில் இந்த இரண்டையும் ஒரே உருண்டையாக உருட்டி எறிவதால்தான் அது எங்கேயும் போய்ச் சேருவதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். மேனேஜர் வேறு, ஜெனரல் மேனேஜர் வேறு. பெஞ்சில் உட்கார்ந்து பிட்சரை மாற்றுபவர் மேனேஜர். ட்ரேட் பேசி முடிப்பது ஜெனரல் மேனேஜரும் அவருக்கு மேலே இருப்பவர்களும். பணம் இல்லை என்று கைவிரிப்பது உரிமையாளர். மோசமான ட்ரேடுக்கு மேனேஜரைப் பதவி விலகச் சொல்வது, சாம்பாரில் உப்பு கூடியதற்குப் பரிமாறுபவரைத் திட்டுவது போல.

சரி, "அன்றைக்கு யாருக்குத் தெரியும்" என்று சொல்லி எல்லோரையும் தப்பிக்க விட்டுவிடலாமா? அதுவும் தவறுதான், இதைப் பலர் கவனிப்பதில்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் பிட்சர் கெரிட் கோலை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. முந்தைய பருவத்தில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 4.26. ஹூஸ்டனில் அதே கோல், கீழே இறங்கும் சிங்கர் வகைப் பந்தைக் குறைத்துவிட்டு, வேகமான ஃபாஸ்ட்பாலை ஸ்ட்ரைக் பகுதியின் மேல் விளிம்பில் வீச ஆரம்பித்தார். 2018இல் 2.88, 2019இல் 326 ஸ்ட்ரைக்அவுட்.

அதே 2018 ஜூலை 31, பைரேட்ஸ் பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரை ரேஸிடமிருந்து வாங்கியது. கொடுத்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், அப்புறம் "பிறகு பெயர் சொல்லப்படும் வீரர்" ஒருவர். பிட்ஸ்பர்க்கில் கிளாஸ்னோவின் ஈ.ஆர்.ஏ. 5.79. ரேஸ் அணியில் 2019இல் அவர் தொடங்கிய 12 ஆட்டங்களில் 1.78. ஆர்ச்சருக்கு அதே வருடம் பிட்ஸ்பர்க்கில் 5.19. ஒரு பிட்சர் வேறு ஊர் போய் மலர்ந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஒரே வருடத்தில் இரண்டு பேர் அப்படிப் போனால் வீட்டில்தான் ஏதோ கோளாறு. பேட்டர் பந்தைத் தரையில் அடிக்கட்டும், ஃபீல்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற பழைய பாணியைப் பிட்ஸ்பர்க் பிடித்துக்கொண்டிருந்தது. தங்கள் கையில் இருந்த சரக்கின் மதிப்பு அவர்களுக்கே தெரியவில்லை. டைகர்ஸின் 1987க்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். டைகர்ஸ் விலை கொடுத்துத் தேவையானதை வாங்கியது. பைரேட்ஸ் விலையையே தப்பாகப் போட்டது.

எண்கள் பற்றி நிறையப் பேசலாம், இரண்டு மட்டும் சொல்கிறேன். பிட்சரின் வெற்றி-தோல்விக் கணக்கை வாதத்துக்கு எடுத்துவராதீர்கள். அதே 1987இல், 40 வயது நோலன் ரயன் ஹூஸ்டனுக்காக 2.76 ஈ.ஆர்.ஏ.வோடும் 270 ஸ்ட்ரைக்அவுட்டோடும் நேஷனல் லீக்கிலேயே முதலிடம். அவருடைய கணக்கு? 8 வெற்றி, 16 தோல்வி. அவருடைய அணி அடிக்கவில்லை, அவ்வளவுதான். ஜேக்கப் டிகிராம் 2018இல் 10-9 என்ற கணக்கோடு சை யங் விருது வாங்கினார், ஈ.ஆர்.ஏ. 1.70. ஓட்டுப் போடுபவர்களே மாறிவிட்டார்கள், நாம் இன்னும் மாறவில்லை.

ஈ.ஆர்.ஏ.வும் இரண்டு மாதக் கணக்குக்கு நம்பத்தக்கதல்ல. களத்துக்குள் அடிபட்ட பந்து ஃபீல்டர் கைக்குப் போகிறதா, இடைவெளியில் விழுகிறதா என்பதில் பிட்சரின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்று 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் எழுதினார். அன்றிலிருந்து ஸ்ட்ரைக்அவுட், வாக் (நான்கு தவறான பந்துக்குப் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்), ஹோம் ரன் மூன்றையும் முதலில் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஜூலையில் ஒரு ரிலீவரின் (நடுவில் மாற்றாக வந்து வீசுபவரின்) ஈ.ஆர்.ஏ. 1.20 என்று பார்த்து மயங்குவதற்கு முன், அவர் எத்தனை பேரை வாக்கில் அனுப்பினார் என்று பாருங்கள்.

ஒப்பந்தம் பற்றித் தெரியாமல் பேசுவது இன்னொரு தொல்லை. மேஜர் லீக்கில் ஆறு வருடச் சேவை முடியும்வரை வீரர் அணியின் கட்டுப்பாட்டில். அதில் ஏறத்தாழ முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும், பிறகு நடுவர் முன் சம்பளப் பேரம். அதனால் இரண்டு பிட்சர்கள் ஒரே தரத்தில் வீசினாலும், நான்கு வருடம் மீதியுள்ளவரின் விலையும் நான்கு மாதம் மீதியுள்ளவரின் விலையும் ஒன்றாகாது. நம் அணியின் மூன்று உதிரி வீரர்களைக் கொடுத்து எதிர் அணியின் இளம் நட்சத்திரத்தைக் கேட்கும் யோசனைகளைத் தினம் பார்க்கிறேன். பரணில் கிடக்கும் மூன்று பழைய பானைக்குப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்பது போலத்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஏன் கொடுக்க வேண்டும்?

வீரரின் சம்மதமும் உண்டு. பத்து வருடம் மேஜர் லீக்கில், அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்றால், அவரைக் கேட்காமல் ட்ரேட் செய்ய முடியாது. 2017 ஆகஸ்ட் 31 இரவு, பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர் ஹூஸ்டனுக்குப் போகத் தலையாட்டியபோது நள்ளிரவுக் கெடுவுக்கு நிமிடங்களே பாக்கி. இதுவும் டைகர்ஸ்தான், இந்த முறை விற்கும் பக்கம். 34 வயது, பெரிய சம்பளம் என்று பலர் தோளைக் குலுக்கினார்கள். ஹூஸ்டனில் மீதிப் பருவத்தில் 5-0, ஈ.ஆர்.ஏ. 1.06, அப்புறம் வேர்ல்டு சீரிஸ் கோப்பை. 2019இலும் 2022இலும் சை யங். டெட்ராய்ட்டுக்குக் கிடைத்த மூன்று இளைஞர்களில் முக்கியமானவராகப் பேசப்பட்ட ஃபிராங்க்ளின் பெரெஸ் காயங்களால் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை.

இளம் வீரர்களின் தரவரிசைப் பட்டியலைத் தங்க விலை மாதிரி மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். 2008 ஜூலையில் கிளீவ்லாந்து, சி.சி. சபாதியாவை மில்வாக்கிக்குக் கொடுத்தது. மில்வாக்கியில் அவர் 17 ஆட்டங்களில் 11-2, ஈ.ஆர்.ஏ. 1.65, ஏழு ஆட்டங்களை முழுக்க அவரே வீசி முடித்தார். அந்த அணி 1982க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃப் பார்த்தது. கிளீவ்லாந்துக்கு வந்தவர்களில் எல்லோரும் பேசியது மேட் லபோர்ட்டாவைப் பற்றி. 2007 டிராஃப்டில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டவர். நான்கு பருவங்களில் அவர் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. அந்த ட்ரேடிலும் "பிறகு பெயர் சொல்லப்படும் வீரர்" ஒருவர் இருந்தார். அக்டோபரில்தான் பெயர் வந்தது: மைக்கேல் பிராண்ட்லி. பின்னாளில் ஐந்து முறை ஆல்-ஸ்டார்.

ஆர்ச்சர் ட்ரேடில் பெயர் சொல்லாமல் விட்டிருந்த அந்த ஆள் ஷேன் பாஸ். பிட்ஸ்பர்க் அதற்கு முந்தைய வருடம்தான் அவரை முதல் சுற்றில் எடுத்திருந்தது.